கிட்னி மாற்றலாமா? பதில் சொல்லும் செல்போன்!

யானை வருகிறது என்றால் வால்பாறையில் செல்போன் மணி அடிக்கும்!

இது கதை அல்ல. 2011-ம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு.

ஆனைமலைத் தொடரில், சுமார் 3,500 அடி உயரத்தில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே இருக்கிறது வால்பாறை. தோட்டமும் காடும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. யானை எந்த நேரமும் ரோட்டுக்கு வரும். வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பியவர்கள், எதிரே யானை நிற்பது தெரியாமல் சிக்கி உயிர் விட்டது உண்டு.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் விஞ்ஞானி ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். யானை எங்கே நிற்கிறது என்ற செய்தியைச் செல்போனுக்கு அனுப்பினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் பேசும் குரலாக அனுப்பினார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை என்று அர்த்தம். இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது.

அந்த விளக்கை எரிய விடுவது யார்? அந்தந்த இடத்து ஆட்களேதான்! செல்போனில் ஒரு நம்பரை அழைத்தால் விளக்கு எரியும். தெரிந்த ஆள் எரிய விட்ட விளக்கு. அதனால் மக்கள் அதை நம்பினார்கள்.

யானைக்கு இப்படி ஒரு ஏற்பாடு செய்ய முடிந்தது. கிட்னி நோய்க்குச் செய்ய முடியாதா?

சத்தம் போடாத நோய்

கிட்னி என்று எல்லோரும் சொல்லும் சிறுநீரகம், முதுகுப் பக்கம் இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவுதான். இரத்தத்தைச் சலித்துக் கழிவையும் அதிகப்படியான தண்ணீரையும் சிறுநீராக வெளியே தள்ளுவது அதன் வேலை. இரத்தம் ஊறவும், எலும்பு உறுதியாக இருக்கவும், இரத்த அழுத்தம் சீராக இருக்கவும் கூட அதுவே துணை.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் கிட்னிக்குப் பெரிய பகைவர்கள். ஆனால் கிட்னி கெட்டுப்போகும்போது வலிப்பதில்லை. கூச்சல் போடுவதில்லை. முக்கால்வாசிக்கு மேல் கெட்ட பிறகுதான் கால் வீங்கும், மூச்சு வாங்கும், சாப்பாடு பிடிக்காது. அப்போது இரத்தப் பரிசோதனை செய்து, "கிரியாட்டினின் கூடிவிட்டது, டயாலிசிஸ் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொல்லுவார்.

குடும்பமே இடிந்து உட்கார்ந்துவிடும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கணவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 65 கிலோ மீட்டர். வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியிலிருந்து கோவை இன்னும் 40 கிலோ மீட்டர். நல்ல உடம்புக்காரனுக்கே தலை சுற்றும் பாதை அது. டயாலிசிஸ் எந்திரத்தில் 4 மணி நேரம் படுத்து எழுந்த மனிதன் அந்தப் பாதையில் மறுபடியும் மலை ஏற வேண்டும். வாரத்துக்கு 2 தடவை, 3 தடவை. அவர் வேலையும் போயிற்று. துணைக்குப் போகும் மனைவியின் கூலியும் போயிற்று.

இந்த அலைச்சலுக்கு முடிவு உண்டா? உண்டு. வேறு ஒருவருடைய கிட்னியைப் பொருத்துவது. தகுந்த உடம்பாக இருந்தால், டயாலிசிசைவிட அதிக ஆயுளும் நல்ல வாழ்வும் கொடுப்பது அதுதான் என்பதில் டாக்டர்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் இந்த விஷயத்தை அந்தக் குடும்பத்துக்கு உட்கார்ந்து விளக்கிச் சொன்னவர் யார்? அங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது.

டாக்டருக்கு நேரம் இல்லை

டாக்டரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வாசலில் நூறு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்தில் கிட்னி மாற்று என்பதை முழுதும் சொல்லி முடிக்க முடியாது. சொன்னாலும், பயத்தில் இருக்கும் நோயாளியின் காதில் பாதி விழாது. விழுந்த பாதியும் பஸ் ஆழியாறு தாண்டுவதற்குள் மறந்துவிடும்.

"இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ?" என்று வாயை மூடிக்கொண்டு வருகிறவர்களே அதிகம். வெளியே வந்து யாரைக் கேட்கிறார்கள்? டீக்கடையில் கேட்கிறார்கள். பஸ்ஸில் கேட்கிறார்கள். சில நேரம் புரோக்கரிடம் கேட்கிறார்கள்!

கோபிக்காத நர்ஸ்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு சோதனை நடந்தது. வீட்டுக்குப் போகும் நோயாளியின் படுக்கை அருகே ஒரு திரையைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். திரையில் ஒரு நர்ஸ் தோன்றினாள். பெயர் லூயிஸ். அவள் மனுஷி அல்ல. கம்ப்யூட்டர் வரைந்த பொம்மை. எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும், மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். "புரிந்ததா?" என்று கேட்டாள். புரியவில்லை என்று திரையைத் தொட்டால் மறுபடியும் சொன்னாள். பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை.

பேராசிரியர் திமோதி பிக்மோர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2009-ல் இதன் முடிவை வெளியிட்டார்கள். டாக்டர், நர்ஸ் சொல்லுவதைவிட இந்தப் பொம்மை சொல்லுவதே பிடித்திருக்கிறது என்று சொன்னவர்கள்தான் அதிகம்! காரணம் என்ன? அவள் அவசரப்படவில்லை. அவ்வளவுதான். படிப்பு குறைந்தவர்களை மனத்தில் வைத்து உண்டாக்கப்பட்ட பொம்மை அது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இப்படிப்பட்ட எந்திர உதவியாளர்கள் இப்போது பல நாடுகளில் வந்துவிட்டார்கள். கிட்னி மாற்று பற்றிச் சொல்லவும் முயற்சிகள் நடக்கின்றன. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் லீஸ் கெய்லர் குழுவினர், கிட்னி மாற்று பற்றிச் சின்னச் சின்னக் கார்ட்டூன் படங்களை எடுத்து நோயாளிக்கும் உறவினருக்கும் காட்டுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 2024 ஏப்ரலில் "சாரா" என்ற பேசும் பொம்மையை வெளியிட்டது. அவளுக்கு 8 மொழிகள் தெரியும். இந்தி தெரியும். தமிழ் தெரியாது!

அண்ணனுக்குத் தம்பி

கிட்னி மாற்று என்றதும் முதலில் வரும் பயம், கொடுப்பவரைப் பற்றியது. "என் தம்பி குடுத்தா அவன் உசுருக்கு ஒண்ணும் ஆகாதுங்களா? மூட்டை தூக்க முடியுமுங்களா? கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா?"

இதற்கு அதே பாஸ்டன் நகரமே பதில் சொல்லும். 1954 டிசம்பர் 23-ந் தேதி அங்கே டாக்டர் ஜோசப் முர்ரே உலகத்தின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷனைச் செய்தார். ரிச்சர்டு, ரொனால்டு என்று இரட்டைப் பிள்ளைகள். ரிச்சர்டுக்குக் கிட்னி கெட்டுவிட்டது. கூடப் பிறந்த ரொனால்டு தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தார். பிழைத்தெழுந்த ரிச்சர்டு, தன்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டார்! சுமார் 8 ஆண்டுகள் வாழ்ந்தார்.

கொடுத்த ரொனால்டு என்ன ஆனார்? வாத்தியார் வேலை பார்த்தார். பண்ணையும் பார்த்தார். 2010-ல் தம்முடைய 79-வது வயதில் காலமானார். ஒற்றைக் கிட்னியோடு 56 ஆண்டுகள்! டாக்டர் முர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ்நாடும் பின்தங்கிவிடவில்லை. 1971-லேயே வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கிட்னி மாற்று ஆபரேஷன் வெற்றியாக நடந்தது. இன்று கோவையிலேயே நடக்கிறது.

கொடுப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லக் கூடாது. ஆபரேஷன் என்றால் ஆபரேஷன்தான். அதனால்தான் கொடுப்பவரைத் தலை முதல் கால் வரை பரிசோதிக்கிறார்கள். சர்க்கரை, கட்டுப்படாத இரத்தக் கொதிப்பு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் ஆபரேஷன். பிறகு மிச்சம் இருக்கும் ஒரு கிட்னி சற்றுப் பெருத்து, பெரும்பகுதி வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஆனால் வருஷம் ஒரு முறையாவது பரிசோதனைக்குப் போக வேண்டும். இதைக் கொடுக்கும் முன்பே சொல்ல வேண்டும்.

பலருக்குத் தெரியாதவை

பழைய கிட்னியை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பழையதை எடுப்பதே இல்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கம் வைத்து, இரத்தக் குழாயோடு இணைத்துவிடுகிறார்கள். ஆகவே அந்த மனிதருக்கு மொத்தம் 3 கிட்னி!

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகுதான் மாற்று என்பதும் கிடையாது. தகுந்த ஆள் இருந்தால் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே மாற்றலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால் எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் ஊசிக் குத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மனைவியின் இரத்த வகை சேரவில்லை என்றால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இதே நிலையில் இன்னொரு குடும்பம் இருக்கும். இந்த மனைவி அந்த நோயாளிக்கு, அந்த மனைவி இந்த நோயாளிக்கு என்று மாற்றிக்கொடுக்கலாம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மாதிரி! 2011-ல் திருத்தப்பட்ட சட்டம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

கொடுக்க உறவினரே இல்லையா? மூளைச் சாவு அடைந்தவரின் கிட்னிக்குப் பெயர் பதிவு செய்துகொள்ளலாம். மாற்று ஆபரேஷன் செய்ய அனுமதி பெற்ற ஆஸ்பத்திரி மூலம் பதிவு செய்ய வேண்டும். 65 வயது தாண்டினால் பதிவு இல்லை என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2023-ல் மத்திய அரசு அதை எடுத்துவிட்டது.

மூளைச் சாவு என்றால் மயக்கம் அல்ல. எந்திரம் மூச்சு விடச் செய்தாலும் மூளை முழுவதும் இறந்துவிட்டது; திரும்பாது. டாக்டர்கள் குழு ஒன்று 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை பரிசோதித்துத்தான் முடிவு சொல்லும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகன்-புஷ்பாஞ்சலி, விபத்தில் மூளைச் சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அந்தச் சிறுவனின் இதயத்தைச் சுமந்த வண்டிக்குச் சென்னைப் போலீஸார் வழி விட்டுக் கொடுத்ததை நாடே பேசியது. அதற்குப் பிறகுதான் இந்தத் தானம் தமிழ்நாட்டில் வேகம் பிடித்தது. 2023 முதல் இப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கிறது.

பணம்? ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிசும் உண்டு. கிட்னி மாற்றும் உண்டு. மாற்றிய பிறகு, அந்தக் கிட்னி வேலை செய்யும் வரை தினம் தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். உடம்பு அன்னியக் கிட்னியை எதிரி என்று நினைத்துத் தாக்கும். அதைத் தடுப்பது அந்த மாத்திரைதான். "உடம்பு நன்றாகிவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் கிட்னியை இழந்திருக்கிறார்கள்.

மலை மேல் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுத்து, வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையும் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனால் தெரிந்தால்தானே கேட்க முடியும்?

இவ்வளவையும் ஒரு டாக்டர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? எந்திரம் சொல்லும். இரவு 10 மணிக்கும் சொல்லும்.

மாமியார் முன் கேட்க முடியாத கேள்வி

எந்திரத்தால் இன்னொரு பெரிய உதவி உண்டு. அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

இந்தியாவில் உயிரோடு இருந்து கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாய் கொடுக்கிறாள். மனைவி கொடுக்கிறாள். வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அன்பினால் கொடுப்பவர்கள் ஏராளம். அவர்களை வணங்க வேண்டும். ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "நீதானே தாலி கட்டிக்கிட்டவ, நீ குடுக்காம யாரு குடுப்பா?" என்று கேட்டால் ஒரு பெண் என்ன சொல்லுவாள்? "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மாமியார் முன் சொல்ல முடியுமா?

அந்தப் பெண் தனியாக, காதோடு காதாகக் கேட்க ஓர் இடம் வேண்டும். "எனக்கு இன்னொரு குழந்தை பெத்துக்க ஆசை. கிட்னி குடுத்தா முடியுமா?" "வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்குதா?" இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகும், ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் வரை மனம் மாறலாம். எந்த எந்திரம் வந்தாலும் இந்தப் பதிலை முதலில் சொல்ல வேண்டும். அவள் கேட்ட கேள்வி கணவன் செல்போனில் மிஞ்சி இருக்காதபடியும் செய்ய வேண்டும். பல வீட்டில் ஒரே செல்போன்தானே!

புரோக்கர் ஜாக்கிரதை

அறியாமை இருக்கும் இடத்தில் புரோக்கர் இருப்பான்.

கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் தொல்லையால் கிட்னியை விற்றார்கள் என்ற செய்தி வருஷக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. 2025-ல் அது மறுபடியும் வெடித்தது. அரசு விசாரணை நடத்தியது. விஷயம் ஹைகோர்ட்டு வரை போயிற்று. லட்சம் லட்சமாகத் தருவதாகச் சொல்லி அழைத்துப் போவார்கள். ஆபரேஷன் முடிந்ததும் கையில் கிடைப்பது கொஞ்சம். கடன் அப்படியே இருக்கும். கிட்னிதான் இருக்காது.

இப்போது புரோக்கர் செல்போனுக்குள்ளும் வந்துவிட்டான். "கிட்னிக்குக் கோடி ரூபாய்" என்று ஆஸ்பத்திரிப் பெயரில் போலி விளம்பரம் போட்டு, பதிவுக் கட்டணம் என்று முதலில் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி கிட்னியை விற்பதும் வாங்குவதும் குற்றம். பின்னர் வந்த திருத்தத்தின்படி 5 முதல் 10 ஆண்டு ஜெயில். 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோர்தான் நெருங்கிய உறவு. மற்றவர் அன்பினால் கொடுக்க வந்தால் அதற்கென்று உள்ள கமிட்டி விசாரித்து அனுமதிக்க வேண்டும்.

"கிட்னி எங்கே விலைக்குக் கிடைக்கும்?" என்று ஒருவர் எந்திரத்தைக் கேட்டால், அது என்ன பதில் சொல்லும் என்பதை வைத்தே அந்த எந்திரத்தின் யோக்கியதையைச் சொல்லிவிடலாம்.

பொம்மைக்குப் பின்னால் டாக்டர்

எந்திரம் தப்பும் சொல்லும். இதை மறைத்துப் பயன் இல்லை. தெரியாததைத் தெரிந்தது போல அடித்துப் பேசும் குணம் இந்தப் புதிய எந்திரங்களுக்கு உண்டு. சாராவின் பதில் சில நேரம் சரியாக இல்லாமல் போகலாம் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. மாத்திரை அளவைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு கிட்னி போகும். ஓர் உயிரும் போகலாம்.

அப்படியானால் எந்திரம் வேண்டாமா? வேண்டும். ஆனால் பின்னால் ஒரு டாக்டர் இருக்க வேண்டும்.

இதற்கு வழி காட்டியதும் கொங்கு நாட்டில் பிறந்த ஒரு ஸ்தாபனம்தான். கோவையில் தோன்றிய சங்கரா கண் ஆஸ்பத்திரியின் பெங்களூர் கிளையில், மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக்காரர்களுடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். கண்புரை ஆபரேஷனுக்கு வருபவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதியோ, பேசியோ கேள்வி கேட்கலாம். தமிழிலும் கேட்கலாம். டாக்டர்கள் முன்பே ஒப்புக்கொண்ட விவரங்களிலிருந்து எந்திரம் உடனே பதில் தரும். அதே பதில் டாக்டருக்கும் போகும். "சரி" என்று அவர் சொன்னால் நோயாளிக்கு அது தெரிந்துவிடும். "தப்பு" என்றால் அவர் திருத்திய பதில் போகும். எந்திரத்துக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி டாக்டரிடம் தள்ளிவிடும். 49 நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2024-ல் இதன் விவரம் வெளிவந்தது.

கண்ணுக்குச் செய்ததைக் கிட்னிக்குச் செய்ய என்ன தடை? தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் இருக்கிறது. காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கிட்னி டாக்டர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் நிபுணர்களும் இருக்கிறார்கள். சேர்த்து வைக்க ஓர் உத்தரவுதான் தேவை.

இதைத் தனியார் கம்பெனி கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கலாம் என்றே அது பார்க்கும். அரசே நடத்த வேண்டும். புத்தகத் தமிழில் பேசினால் தோட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், "சொல்லுங்க, என்ன சந்தேகம்?" என்று பேச வேண்டும். விலை உயர்ந்த செல்போன் இருந்தால்தான் என்றும் இருக்கக் கூடாது. சாதாரணப் பட்டன் போனில் நம்பர் போட்டால் பேச வேண்டும். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதே பாடு. ஆகையால் தோட்ட ஆஸ்பத்திரியிலும் டயாலிசிஸ் கட்டில் அருகிலும் ஒரு திரை வைக்கலாம். 4 மணி நேரம் சும்மா படுத்திருப்பவர், மேலே சுற்றும் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 104 என்ற நம்பருக்குப் போன் செய்தால் அரசின் சுகாதார உதவி மையத்தில் மனிதர்களே பேசுவார்கள். அடுத்த தடவை டயாலிசிசுக்குப் போகும்போது ஒரு சீட்டில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போகலாம். எனக்குக் கிட்னி மாற்ற முடியுமா? வீட்டில் யார் கொடுக்கலாம்? என் பெயரை எங்கே பதிவு செய்வது? எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம்.